கார்ல் பென்ஸ் படப்புத்தகம்: தயங்காமல் வாங்குங்கள், சில பக்கங்களை மட்டும் திருத்திச் சொல்லுங்கள்

5 முதல் 9 வயதுக்குள் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு இந்தப் படப்புத்தகத்தைத் தயங்காமல் வாங்கலாம். பெட்ரோல் காரை உருவாக்கிய ஜெர்மன் பொறியாளர் கார்ல் பென்ஸின் வாழ்க்கையைச் சொல்ல வந்த புத்தகம், அவர் மனைவி பெர்த்தாவை ஓரமாக நிறுத்தாமல் கதையின் நடுவுக்கே கொண்டுவந்திருக்கிறது. எனக்கு அதுதான் பெரிய விஷயம். 4 நட்சத்திரம் கொடுத்திருக்கிறேன். ஐந்தாவது ஏன் இல்லை என்பதையும் விவரமாகச் சொல்கிறேன், குறைகளைத் தெரிந்துகொண்டு வாசித்தால் பிள்ளைகளுக்கு இன்னும் நன்றாகச் சொல்ல முடியும்.

என் மகளுக்கு 6 வயது, அக்கா மகனுக்கு 8. இரண்டு பேரையும் பக்கத்தில் உட்கார வைத்துத்தான் வாசித்தேன். இவள் படத்தைப் பார்ப்பாள், அவன் கேள்வி கேட்பான். கண்டுபிடிப்பாளர்களைப் பற்றிப் பிள்ளைகளுக்கு வருகிற புத்தகங்களில் முக்கால்வாசி ஒரே மாதிரி இருக்கும்: பிறந்ததிலிருந்தே புத்திசாலி, ஒருநாள் திடீரென்று யோசனை வந்தது, செய்து முடித்தார், ஊரே கைதட்டியது. எனக்கு இந்த மாதிரி கதைகள் பிடிக்காது. முதல் தடவை சரியாக வரவில்லை என்றதும் 'எனக்கு இது வராது' என்று பிள்ளைகள் எழுந்து போவதற்கு இவையும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். இந்தப் புத்தகத்தில் கடன் வருகிறது, ஏமாற்றம் வருகிறது, ஓடாத இன்ஜின் வருகிறது, சுவரில் மோதின வண்டி வருகிறது. பிள்ளைகள் இதையெல்லாம் நன்றாகத் தாங்குகிறார்கள், சொல்லப்போனால் அந்த இடங்களில்தான் கூர்ந்து கேட்கிறார்கள்.

சின்ன வயதுப் பகுதி சுருக்கமாக, சரியாக இருக்கிறது. 1844 நவம்பர் 25 அன்று, இப்போது ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரத்தோடு சேர்ந்துவிட்ட மூல்பர்க் என்ற ஊரில் பிறக்கிறார். அப்பா ரயில் இன்ஜின் ஓட்டுநர். பிள்ளைக்கு 2 வயது ஆவதற்குள் அப்பா இறந்துபோகிறார், அம்மா ஜோசஃபீன் கையில் காசில்லாமல் தனியாக வளர்க்கிறார். இந்த மரணத்தைப் புத்தகம் மறைக்கவில்லை, ஒப்பாரியும் வைக்கவில்லை. 'அப்பா இறந்துவிட்டார். அம்மா வேலைக்குப் போனார். கார்ல் பள்ளிக்குப் போனான்' என்கிற அளவில்தான் இருக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கு இப்படித்தான் சொல்ல வேண்டும். பழைய கடிகாரங்களைப் பிரித்து மாட்டிய பையன், 15 வயதில் கார்ல்ஸ்ரூ பாலிடெக்னிக்கில் சேர்ந்து 19 வயதில் படிப்பை முடித்தது, அப்புறம் தராசு செய்யும் இடம், பாலம் கட்டும் நிறுவனம் என்று ஒவ்வொரு இடமாக வேலை மாறியது, அந்தக் காலத்து சைக்கிளை ஓட்டிக்கொண்டே 'குதிரை இல்லாமல், நாமும் மிதிக்காமல், தானாகவே போகிற வண்டி ஒன்று இருந்தால் எப்படி இருக்கும்' என்று யோசித்தது, எல்லாம் இரண்டு மூன்று பக்கங்களில் ஓடிவிடுகிறது. அங்கே நின்றிருக்கத் தேவையும் இல்லை.

கதை சூடுபிடிப்பது 1871-இல். மான்ஹைம் நகரத்தில் ஆகஸ்ட் ரிட்டர் என்ற கூட்டாளியோடு சேர்ந்து பென்ஸ் ஒரு பட்டறை தொடங்குகிறார். ரிட்டரை நம்பித் தொழில் நடத்த முடியாது என்று சீக்கிரமே தெரிந்துபோகிறது. அவருடைய பங்கை வாங்கி அவரை விலக்கப் பணம் வேண்டும், பென்ஸிடம் அது கிடையாது. அப்போது அவருக்கு நிச்சயம் ஆகியிருந்த பெர்த்தா ரிங்கர் தன் வீட்டில் கேட்டு, கல்யாணத்தில் கொடுக்க இருந்த சீதனப் பணத்தைக் கல்யாணத்துக்கு முன்பே வாங்கிக் கொடுத்துப் பட்டறையைக் காப்பாற்றுகிறார். 1872 ஜூலையில் கல்யாணம். பெரியவர்களுக்கான புத்தகங்களே சில சமயம் இதை ஒற்றை வரியில் தாண்டிப் போகும், இங்கே முழுதாக இரண்டு பக்கம் கொடுத்திருக்கிறார்கள். அக்கா மகன் உடனே கேட்டான்: "சித்தி, அவங்க காசு கொடுத்தா கடையும் அவங்களோடதுதானே?" நியாயமான கேள்வி. ஆனால் பின்னால் வாங்கிய காப்புரிமைப் பத்திரத்தில் பெர்த்தாவின் பெயர் கிடையாது. புத்தகம் இதைச் சொல்லவில்லை, நான் சொன்னேன். நீங்களும் சொல்லுங்கள், 8 வயதுப் பிள்ளைக்கு இதில் இருக்கிற அநியாயம் நன்றாகவே புரிகிறது.

1879 கடைசி நாள் ராத்திரி வருகிற பக்கம் எனக்கு மிகவும் பிடித்த பக்கம். பட்டறையில் பணம் வரத்தே இல்லை, மாதக்கணக்காக உழைத்துச் செய்த இரண்டு வீச்சு (டூ-ஸ்ட்ரோக்) இன்ஜின் ஓட மறுக்கிறது. புத்தாண்டுக்கு முந்தைய இரவு சாப்பாடு முடிந்ததும், இன்னொரு தடவை போய்ப் பார்க்கலாம் என்று பெர்த்தா சொல்ல, இருவரும் பட்டறைக்கு நடக்கிறார்கள். இன்ஜின் ஓடுகிறது. நிற்காமல் ஓடுகிறது. இருவரும் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இந்த இடத்தில் ஓவியர் வசனமே வைக்கவில்லை, ஒரு பக்கம் முழுக்க 'டக் டக் டக் டக்' என்று சின்னதும் பெரிதுமாக எழுத்துகள் மட்டும். என் மகள் அதை அப்படியே சத்தம் போட்டு வாசித்தாள், முடித்துவிட்டுத் திரும்ப முதலிலிருந்து வாசித்தாள். வாசிக்கத் தொடங்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பக்கம் அமையாது.

அடுத்து வண்டி. 1883-இல் சைக்கிள் வியாபாரத்தில் இருந்த மாக்ஸ் ரோஸ், ஃபிரீட்ரிக் வில்ஹெல்ம் எஸ்லிங்கர் என்ற இருவரோடு சேர்ந்து பென்ஸ் புது நிறுவனம் தொடங்குகிறார். எரிவாயு இன்ஜின்கள் விற்று வந்த வருமானம் இருந்ததால்தான் கனவு கண்ட வண்டியில் கை வைக்க முடிந்தது. 1885-இல் வண்டி தயார், 1886 ஜனவரி 29-இல் காப்புரிமைக்குப் பதிவு, எண் 37435. நடுவில் விரிக்கிற பெரிய பக்கத்தில் அந்த வண்டியைக் குறுக்கே வெட்டிக் காட்டியதுபோல் வரைந்திருக்கிறார்கள். இந்தப் புத்தகத்தின் உயிரே அந்த விரிப்புத்தான். பெட்ரோல் ஆவி ஒற்றை சிலிண்டருக்குள் போகிறது, மின்பொறி பற்றவைக்கிறது, உள்ளே தள்ளப்பட்ட பிஸ்டன் வெளியே இருக்கிற கனத்த சக்கரத்தைச் சுழற்றுகிறது, அங்கிருந்து தோல் பெல்ட், பெல்ட்டிலிருந்து இரண்டு பக்கமும் சங்கிலி, சங்கிலி பின்சக்கரங்களை உருட்டுகிறது. விரலை வைத்துக்கொண்டே தொடர்ந்து போகலாம். சாவி கிடையாது, பின்னால் போய் அந்தப் பெரிய சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டால்தான் இன்ஜின் உயிர்பிடிக்கும் என்பதையும் போட்டிருக்கிறார்கள். இன்ஜினின் பலம் முக்கால் குதிரைத் திறன், வேகம் மணிக்கு 16 கிலோமீட்டர். "நம்ம ஸ்கூட்டி இதைவிட வேகம்" என்றாள் மகள், உண்மைதான்.

ஏன் 3 சக்கரம் என்று எந்தப் பிள்ளையும் கேட்கும். முன்னால் இரண்டு சக்கரம் வைத்தால் வளைவில் உள்பக்கச் சக்கரமும் வெளிப்பக்கச் சக்கரமும் வெவ்வேறு அளவு திரும்ப வேண்டும், அதைச் சரியாகச் செய்யும் வழி அப்போது பென்ஸிடம் இல்லை, அதனால் முன்னால் ஒன்றோடு நிறுத்திக்கொண்டார், 1893-இல்தான் அதற்கு விடை கண்டு காப்புரிமை வாங்கி 4 சக்கர வண்டிக்கு வந்தார். இதைப் புத்தகம் 'அப்போது 3 சக்கரம் போதுமாக இருந்தது' என்று முடித்துவிட்டது. இது எனக்கு வருத்தம். தெரியாததைச் சுற்றி வேறு வழி கண்டுபிடிப்பதுதானே பொறியாளரின் வேலை, அதைக் காட்ட இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்? வீட்டில் பொம்மை கார் ஏதாவது இருந்தால் எடுத்து வைத்துத் திருப்பிக் காட்டுங்கள், இரண்டே நிமிடத்தில் பிடிபடும்.

அட்டைப் படத்தில் ஒரு பெரிய தப்பு. பென்ஸ் வட்டமான ஸ்டியரிங்கைப் பிடித்து ஓட்டுவதாக வரைந்திருக்கிறார்கள். அந்த வண்டியில் வட்ட ஸ்டியரிங் கிடையாது, செங்குத்துக் கம்பியின் உச்சியில் ஒரு சின்னக் கைப்பிடிதான், அதைத் திருப்பினால் முன்சக்கரம் திரும்பும். நடுவிலுள்ள விரிப்பில் சரியாகத்தான் இருக்கிறது, அட்டையில்தான் தப்பு. பிள்ளைகள் இதைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். என் வீட்டில் இரண்டையும் வைத்து ஒரு விவாதமே நடந்தது, கடைசியில் எது சரி என்று அறிய அசல் வண்டியின் புகைப்படத்தைத் தேடி எடுத்துக் காட்டினேன். அந்த அசல் வண்டி மியூனிக்கின் டாய்ச்சஸ் மியூசியத்தில் இருக்கிறது, 1906-இலேயே அங்கே கொடுத்துவிட்டார்கள். படம் வரையும் முன்பு யாராவது அதை ஒரு தடவை பார்த்திருக்கலாம்.

1886 ஜூலை 3-இல் மான்ஹைம் தெருவில் எல்லோரும் பார்க்க ஓட்டியது, பெட்ரோல் தீர்ந்தால் ஊற்றுவதற்காக மூத்த மகன் ஒய்கேன் கையில் பாட்டிலோடு வண்டி பக்கத்திலேயே ஓடியது, இவையெல்லாம் சிரிக்கச் சிரிக்க வந்திருக்கின்றன. அந்தப் பாட்டில் பையன் படத்தைப் பிள்ளைகள் நீண்ட நேரம் பார்ப்பார்கள், அவசரப்பட்டுப் பக்கம் புரட்டாதீர்கள்.

இனி 1888 ஆகஸ்ட். புத்தகத்தில் 8 பக்கம், கொடுத்த ஒவ்வொரு பக்கமும் தகும். வண்டி இருக்கிறது, வாங்க ஆள் இல்லை. இது வெறும் வேடிக்கை, நம்பி வெளியூர் போக முடியாது என்று ஊர் நினைக்கிறது. பென்ஸோ இன்னும் சரிசெய்ய வேண்டும், இன்னும் சரிசெய்ய வேண்டும் என்று பட்டறையிலேயே இருக்கிறார். பள்ளி விடுமுறை. ஒருநாள் விடியற்காலையில், கணவர் தூங்கிக்கொண்டிருக்கும்போது, பெர்த்தா 15 வயது ஒய்கேனையும் 13 வயது ரிச்சர்டையும் கூட்டிக்கொண்டு வண்டியை எடுத்துக்கொண்டு தன் அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறார். மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம், 100 கிலோமீட்டருக்கும் மேல். அதுவரை அந்த வண்டிகள் ஊருக்குள்ளேயும் பக்கத்திலேயும்தான் ஓடியிருந்தன. சாலை என்றால் குதிரை வண்டி போகிற மண்சாலை. போகிற திசைக்குப் பலகை இல்லை, பெட்ரோல் பங்க் இல்லை, மெக்கானிக் இல்லை.

வழியில் என்னென்ன ஆனது என்பதைப் புத்தகம் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறது. எரிபொருள் குழாய் அடைத்துக்கொள்கிறது, பெர்த்தா தொப்பியில் செருகியிருந்த நீள ஊசியை எடுத்துக் குத்திச் சுத்தம் செய்கிறார். மின்கம்பியின் உறை தேய்ந்துவிடுகிறது, காலுறையைப் பிடித்து நிறுத்தும் பட்டையைக் கழற்றிச் சுற்றிவிடுகிறார். இன்ஜின் சூடாகித் தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருக்கிறது, கண்ட இடத்திலெல்லாம் நிறுத்தித் தண்ணீர் ஊற்றுகிறார்கள். மேட்டில் வண்டி ஏறவில்லை, பையன்கள் இறங்கித் தள்ளுகிறார்கள். இறக்கத்தில் பிரேக் கட்டை தேய்ந்துபோகிறது, வழியில் ஒரு ஊரில் செருப்பு தைப்பவரிடம் போய் அந்தக் கட்டைமேல் தோல் வைத்து அடித்து வாங்குகிறார். இன்றைய பிரேக் லைனிங்குக்கு அதுதான் முன்னோடி என்பார்கள். பொழுது சாய்ந்த பிறகு ஃபோர்ட்ஸ்ஹைம் போய்ச் சேர்ந்து, வந்துவிட்டோம் என்று வீட்டுக்குத் தந்தி கொடுக்கிறார்.

"அப்பாகிட்ட சொல்லாம போனா திட்ட மாட்டாரா?" என்று மகள் கேட்டாள். ஓவியர் இந்தக் கேள்வியை எதிர்பார்த்திருக்கிறார் போல, தந்தியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற கார்லின் முகத்தில் பயமும் சந்தோஷமும் கலந்து வரைந்திருக்கிறார். பதிலை மகளே அந்த முகத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டாள்.

இந்தப் பகுதியிலும் ஒரு தப்பு இருக்கிறது, இதை நீங்கள் கட்டாயம் திருத்திச் சொல்ல வேண்டும். வீஸ்லோக் என்ற ஊரில் எரிபொருள் வாங்கும் படத்தில், பின்னால் சின்னதாக ஒரு பெட்ரோல் பம்பு வரைந்து வைத்திருக்கிறார்கள். அது ஒரு மருந்துக்கடை! லிக்ரோயின் என்ற பெட்ரோல் வகையைத் துணிக்கறை போக்க, அழுக்கு எடுக்க என்று அப்போது மருந்துக்கடையில் சின்னப் பாட்டில்களில்தான் விற்றார்கள். பெர்த்தா போய் அதைத்தான் கேட்டு வாங்கினார். உலகத்தின் முதல் பெட்ரோல் பங்க் என்று அந்த மருந்துக்கடையை இன்றும் கொண்டாடுகிறார்கள், கட்டடம் இன்னும் அங்கே இருக்கிறது. பெட்ரோல் பம்பு வரைந்ததால் கதையின் சுவையான இடமே போய்விட்டது. இருமல் மருந்து விற்கிற கடையில் காருக்குச் சாப்பாடு கிடைத்தது என்று சொல்லிப் பாருங்கள், பிள்ளைகள் கண் விரியும்.

திரும்பி வந்ததும் என்ன ஆனது என்பதைப் புத்தகம் ஒரே வரியில் சொல்கிறது, சொன்னதற்கு நன்றி. மேடு ஏற முடியாமல் தள்ளினோம் என்று பெர்த்தாவும் பையன்களும் வந்து சொன்னதைக் கேட்டுத்தான் மேடு ஏறுவதற்கென்று இன்னொரு கியர் சேர்க்கப்பட்டது. அதாவது அந்தப் பயணம் சாகசம் மட்டுமல்ல, அது ஒரு முழுமையான சோதனை ஓட்டம். எங்கே உடைகிறது, எங்கே தேய்கிறது, எங்கே திணறுகிறது என்று ஓட்டிப் பார்த்து வந்து சொன்ன முதல் ஆள் பெர்த்தா. அவரைப் 'பென்ஸின் தைரியமான மனைவி' என்று மட்டும் எழுதுகிறவர்கள் இதைப் பார்ப்பதில்லை. இந்தப் புத்தகம் பார்த்திருக்கிறது. அதனால்தான் இத்தனை குறைகளுக்குப் பிறகும் 4 நட்சத்திரம். இப்போது அந்த வழி முழுக்கப் பலகை வைத்து, 2008-இலிருந்து பெர்த்தா பென்ஸ் நினைவுப் பாதை என்று அடையாளப்படுத்தியிருக்கிறார்கள், யார் வேண்டுமானாலும் ஓட்டிப் போகலாம். இதற்கு ஒரு சின்ன வரைபடம் போட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

கடைசிப் பகுதி அவசர அவசரமாக முடிகிறது. 1894-இல் வந்த வேலோ என்ற சின்ன வண்டி, ஆயிரத்துக்கும் மேல் செய்யப்பட்டது, ஒரே மாதிரி வண்டியை நிறையச் செய்து விற்பது அதிலிருந்துதான் சூடுபிடித்தது. 1899-இல் அந்த ஒரு வருடத்தில் மட்டும் 572 வண்டிகள், அப்போது உலகத்திலேயே பெரிய கார் நிறுவனம் அதுதான். இவை இருக்கின்றன. ஆனால் 1903-இல் மற்றவர்களோடு ஒத்துப்போகாமல் தான் தொடங்கிய நிறுவனத்தின் அன்றாட வேலையிலிருந்து பென்ஸ் விலகியது இல்லை. லாடன்பர்க் ஊருக்குப் போய் மகன்களோடு சேர்ந்து மறுபடியும் ஒரு சின்னக் கம்பெனி நடத்தியதும் இல்லை. கடனையும் ஏமாற்றத்தையும் முன்பக்கங்களில் தைரியமாகச் சொன்ன புத்தகம், புகழ் வந்த பிறகு வருகிற சண்டையை மட்டும் ஏன் விட்டுவிட்டது?

பென்ஸைப் போலவே அப்போது கார் செய்துகொண்டிருந்த டைம்லரைக் கிட்டத்தட்டக் காணவே காணோம். அதே 1886-இல், 100 கிலோமீட்டர் சுற்றளவிலேயே, கான்ஸ்டாட் என்ற ஊரில் காட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மைபாக்கும் 4 சக்கர வண்டியில் இன்ஜின் வைத்து ஓட்டினார்கள். 'உலகத்தில் தானாக ஓடிய முதல் வண்டி' என்று பின்னட்டையில் போட்டிருப்பதும் சரியில்லை, பிரான்ஸில் குன்யோ 1769-லேயே நீராவி வண்டி ஓட்டிவிட்டார். பெட்ரோல் இன்ஜினுக்காகவே முதலிலிருந்து வடிவமைத்த கார் என்று சொன்னால் பென்ஸின் பெருமை எள்ளளவும் குறையாது. கடைசிப் பக்கத்தில் கார்லுக்கும் பெர்த்தாவுக்கும் பின்னால் பெரிதாக மூன்று முனை நட்சத்திரம் வேறு. அந்த நட்சத்திரம் டைம்லர் நிறுவனத்துடையது, பென்ஸுடையது இலைமாலை. 1926-இல் இரண்டு நிறுவனமும் இணைந்தபோதுதான் நட்சத்திரமும் மாலையும் ஒன்றாகின. 1900-லேயே இறந்துவிட்ட டைம்லர் அதைப் பார்க்கவில்லை, 1929 வரை இருந்த பென்ஸ் பார்த்தார். மெர்சிடிஸ் என்பது டைம்லர் வண்டிகளை வாங்கி விற்ற எமில் யெல்லினெக் என்பவருடைய மகளின் பெயர் என்றும் சொல்லியிருக்கலாம். தெருவில் அந்தப் பெயரைத் தினமும் பார்க்கிற பிள்ளைகளுக்கு அது ஒரு சிறுமியின் பெயர் என்று தெரிந்தால் எவ்வளவு சந்தோஷப்படுவார்கள் என்பதை நான் நேரில் பார்த்தேன்.

புத்தகத்தின் தரம் பற்றி: கெட்டி அட்டை, வழவழப்பில்லாத தடித்த தாள், பெரிய எழுத்து, ஒரு பக்கத்துக்கு நாலைந்து வரிக்கு மேல் இல்லை. விலை கொஞ்சம் கூடத்தான், ஆனால் நடு விரிப்புக்காகவே கொடுக்கலாம். அந்த விரிப்பு மடிகிற இடம் சீக்கிரம் கிழியத் தொடங்குகிறது, வாங்கினதும் பின்பக்கமாக ஒரு டேப் ஒட்டிவிடுங்கள். ஜெர்மன் ஊர்ப் பெயர்களை ஒரு பக்கத்தில் ஒரு மாதிரி, இன்னொரு பக்கத்தில் வேறு மாதிரி அச்சிட்டிருக்கிறார்கள், வாசித்துக் காட்டும் பெரியவர்கள் ஒன்றை முடிவு செய்துகொண்டு அதையே கடைசிவரை சொல்லுங்கள்.

5 வயதுப் பிள்ளைக்கு ஒரே இரவில் முழுதும் வாசிக்க வேண்டாம். 'டக் டக் டக்' பக்கத்தோடு முதல் நாள் நிறுத்துங்கள், விரிப்பும் ஃபோர்ட்ஸ்ஹைம் பயணமும் அடுத்த நாளைக்கு. 9 வயதைத் தாண்டியவர்களுக்கு எழுத்து குறைவாகத் தோன்றும், அவர்களிடம் விரிப்பை மட்டும் கொடுத்துப் பெல்ட், சங்கிலி எல்லாவற்றையும் பார்த்து வரையச் சொல்லலாம். அடுத்த பதிப்பு வந்து அட்டை, மருந்துக்கடை, நட்சத்திரம் இந்த மூன்றும் திருந்தியிருந்தால் ஐந்தாவது நட்சத்திரத்தையும் இங்கேயே வந்து சேர்த்துவிடுகிறேன்.